இடமாகச் சுற்றாத மனிதர்

“வலமாத்தான்டா சுத்துறேன். இன்னும் எப்பிடி சுத்தணும்ங்கிற?”

“சுத்துற, இல்லன்னா சொன்னேன்? நிறுத்துன்னா நிறுத்த மாட்டேங்கிற. ரெண்டு பல்லு தாண்டிப் பூடுது.”

“நீ நிறுத்துன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள தாண்டிப் பூடுது. வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

முதல் குரல் லாரிக்கு அடியிலிருந்து வந்தது. அது மண்ணாங்கட்டி. இரண்டாவது குரல் லாரியின் கேபினுக்குள்ளிருந்து வந்தது. அது அவர் மகன் பாலாஜி. இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடி இருந்தால் ஜாஸ்தி. ஆனாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வெள்ளிக்கிழமையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் குடியிருக்கிற பாவத்துக்கு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். கையில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறவள் எந்தக் கையால் பொத்திக்கொள்வது?

அடி அண்ணாமலையில் எங்கள் தெரு கிரிவலப் பாதையில் போய் முட்டுகிற இடத்தில், மின்கம்பத்தை ஒட்டி நிற்கும் அந்த லாரி. ஆறு சக்கரம். பாலாஜி அதை மூன்றாவது கையாக வாங்கினான். வாங்கின நாளில் அதற்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அன்றிலிருந்து அது அந்த வீட்டு ஆட்களை ஒவ்வொருத்தராக நசுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மாசம் கிளட்ச், ஒரு மாசம் ரேடியேட்டர். இந்தத் தடவை டீசல் பம்ப். பாலாஜி அதைக் கழற்றி டவுனில் பம்ப் கடையில் கொடுத்துச் சரிபண்ணி எடுத்துவந்துவிட்டான். திரும்ப மாட்டி, சரியான நேரத்தில் டீசல் விழும்படி டைமிங் வைப்பதுதான் பாக்கி.

அதற்கு மெக்கானிக் மூர்த்தி வெள்ளிக்கிழமை காலை வந்தான். இன்ஜினுக்குப் பின்னால் ஆட்டுக்கல் கனத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதற்குப் பெயர் பிளைவீல். விளிம்பு முழுக்கப் பல். அதை மூடியிருக்கும் கூட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் மூர்த்தி ஒரு கம்பியை நுழைத்தான். கம்பியின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டிப் பல்சக்கரம், மறுமுனையில் ஒரு ராட்செட். ராட்செட்டை இழுத்தால் கிட், கிட் என்று குட்டிச் சக்கரம் சுற்றி, பெரிய சக்கரத்தைப் பல் பல்லாகத் தள்ளும். இன்ஜின் மொத்தமும் கைபலத்திலேயே மெள்ள உருளும். அப்படி உருட்டிக்கொண்டே வந்து, பிளைவீலில் இருக்கும் கோடு கூட்டின் மேலே இருக்கும் குட்டி ஜன்னலுக்கு நேராக வரும்போது நிறுத்தி, மேலே பம்பில் இருக்கும் கோட்டையும் சேர்த்துவைத்து முடுக்க வேண்டும். இவ்வளவு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மூன்று நாள் கேட்டால் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

மூர்த்தி நாலு இழுப்பு இழுத்துக் காட்டினான். அதற்குள் போன் வந்தது. கீழ்பென்னாத்தூரில் அக்கா மகளுக்குக் காது குத்து, தாய்மாமன் அவன், மடியில் உட்காரவைக்க ஆள் இல்லை. கம்பியை அப்படியே விட்டுவிட்டு வண்டியேறினான்.

“ஒண்ணும் கஷ்டமில்ல பாலாஜி. முன்னாடி நின்னு பாத்தா இன்ஜின் வலமாப் போவணும். அதை ஒண்டி கெட்டியாப் புடிச்சுக்கோ. தாண்டிடுச்சுன்னா ரிவர்ஸ்ல வந்து கோட்டப் புடிக்காத. பல்லு இடுக்கு மாறிடும், டைமிங் நிக்காது. மறுபடி முழுசா சுத்திகினு வா.”

பாலாஜி கேபினில் ஏறி, இன்ஜின் மூடியைத் திறந்து, ஜன்னலில் வரும் கோட்டுக்குக் கண்ணை வைத்துக்கொண்டான். அப்பனை அடியில் படுக்கவைத்தான். “வலமாவாம் நைனா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மண்ணாங்கட்டியிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும். நாற்பது வருஷமாக ஒரு பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வருகிறவர். ரேஷன் கடை எங்கள் தெருமுனையிலிருந்து நூறடிதான். பௌர்ணமி அன்றைக்கு அங்கே போகமாட்டார். எதிர்த்திசையில் நடந்த மாதிரி ஆகிவிடுமாம். களி கிண்டும்போது துடுப்பு இடப்பக்கம் திரும்பினால் பெண்டாட்டி மணியம்மாளுக்கு ஏச்சு விழும். அவர் ராட்செட்டைப் பிடித்துப் பார்த்தார். அது இடப்பக்கம்தான் பிடித்தது. வலப்பக்கம் இழுத்தால் வெறுமனே கிர்ரென்று ஓடியது. ராட்செட்டின் தலையில் நகக்கண் அளவுக்கு ஒரு முள் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் பிடி மாறும். மெக்கானிக் அவசரத்தில் தப்பாக வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு, அவர் அந்த முள்ளை வலப்பக்கம் தட்டிவிட்டார்.

இது அப்போது யாருக்கும் தெரியாது. நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு என்ன விளங்கியிருக்கும்?

அன்றைக்கு மூன்று தடவை டைமிங் வைத்தார்கள். மூன்று தடவையும் சாவி போட்டதும் வண்டி ஒரு இருமல் இருமி, தெரு முழுக்க வெள்ளைப் புகையை விட்டு, மடக் மடக்கென்று அடித்துக்கொண்டு அணைந்தது. காயப்போட்ட என் வத்தல் எல்லாம் டீசல் வாசனை. இன்றைக்கு வரைக்கும் அதைக் குழம்பில் போட முடியவில்லை.

சரி, ஒரு லாரி கிளம்பவில்லை, அதற்கென்ன என்று கேட்கலாம். கீழ்பென்னாத்தூரில் ஒரு அரிசி மில்லில் பாலாஜிக்கு நெல் மூட்டை ஏற்றும் வேலை. சீசன் முழுக்க ஓட்டம். திங்கட்கிழமை விடியும்போது வண்டி மில் வாசலில் நிற்க வேண்டும். இரண்டு தடவை ஏமாற்றியாகிவிட்டது, இந்தத் தடவை வராவிட்டால் வேறு லாரியை வைத்துக்கொள்வோம் என்று மில்லுக்காரர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையோ வைகாசிப் பௌர்ணமி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குமேல் போலீஸ்காரர்கள் பாதையை அடைத்துவிடுவார்கள். சைக்கிள்கூடப் போக முடியாது. ஆகக்கூடி, ஞாயிறு பன்னிரண்டுக்குள் அந்த லாரி ஊரைத் தாண்டியாக வேண்டும்.

இதற்கு மேல் ஒரு சத்தியம் வேறு. பாலாஜியின் பெண்டாட்டி சிந்துஜா வேங்கிக்காலில் ஒரு அரசாங்க ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். மகள் ஓவியாவையும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். தினமும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் வருவாள். தோளில் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை. சாயந்திரம் அவள் தெருவில் வரும்போது பிள்ளை அவளை இழுத்துவருகிறதா, அவள் பிள்ளையை இழுத்துவருகிறாளா என்று சொல்ல முடியாது. வேங்கிக்காலுக்கே குடிபோய்விடலாம் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயந்திரம் அது பெரிதாகிவிட்டது. கடைசியில் பாலாஜி சொன்னான்:

“ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்குள்ள வண்டி கிளம்பலன்னா, பழைய இரும்புக்குப் போட்டுடறேன். செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் கேக்குறாங்க, போயிடறேன். நீ கேட்ட மாதிரி வேங்கிக்கால்ல வூடு பாத்துக்கலாம். எங்கம்மா மேல சத்தியம்.”

அவன் அம்மா மணியம்மாள் அப்போது குழாயடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தன் தலையில் சத்தியம் விழுந்ததற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

அந்த லாரிக்கு அவள் பட்டதை வேறு யாராவது பட்டிருந்தால் ஓடியே போயிருப்பார்கள். லோடுக்குக் கிளம்புகிற அன்றெல்லாம் மூன்று மணிக்கு எழுந்து சோறு வடிப்பாள். கிழிந்த தார்ப்பாயைத் தெருவில் விரித்து, கோணி ஊசியும் சணலுமாக ஒரு பகல் முழுக்கத் தைப்பாள். கிரீஸ் துணிகளைத் துவைத்துத் துவைத்து அவள் நகங்கள் கறுத்துப்போயிருந்தன. வண்டி கிளம்பாத நாளில் தெருப் பையன்களோடு பின்னால் நின்று தள்ளவும் செய்வாள். எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள். ‘உம்’ என்பாள்.

சனிக்கிழமை ஆபீஸ் லீவு. பதினோரு மணி வெயிலில் சிந்துஜா புருஷனுக்கு டீ எடுத்துக்கொண்டு கேபினில் ஏறினாள். டம்ளரை வைக்க இடமில்லை. பம்பின் மேல் அப்பியிருந்த எண்ணெய் அழுக்கைப் பழந்துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் இரும்பிலேயே அச்சாக ஒரு அம்புக்குறி. ஆபீசில் எதைக் கொடுத்தாலும் மூலை முடுக்கு விடாமல் படித்துப் பழகினவள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் அடியில் கிழவர் கிட், கிட் என்று இழுத்தார். பம்பின் தண்டு அசைந்தது. அம்பு ஒரு பக்கம் காட்ட, தண்டு மறு பக்கம் போயிற்று.

பாலாஜியின் கண் கோட்டில் இருந்தது. “வரட்டும், வரட்டும், நிறுத்து” என்றான். டீயை வாங்கி ஒரு வாயில் ஊற்றிக்கொண்டான். சிந்துஜா காலி டம்ளரோடு இறங்கி வீட்டுக்குள் போனாள்.

இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். சொல்லவைக்க எனக்கு நாலு நாளும் ஒரு படி மல்லாட்டை வறுவலும் ஆயிற்று.

சனிக்கிழமை பூராவும் அவள் வாயைத் திறக்கவில்லை. கிழவர் இழுத்துக்கொண்டிருந்தார். மகன் கத்திக்கொண்டிருந்தான். வண்டி புகை விட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி செத்து, பக்கத்துத் தெரு சரவணகுமாரின் டிராக்டரிலிருந்து ஒயர் போட்டார்கள். சிந்துஜா அரிசி களைந்தாள், பிள்ளைக்குத் தலை சீவினாள், சாயந்திரம் துணி மடித்தாள். நான் வேண்டுமென்றே போய், “இன்னாம்மா, வண்டி ஆவுமா?” என்று கேட்டேன். “எனக்கென்னக்கா தெரியும் வண்டியப் பத்தி?” என்றாள். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே தார் ரோடு கொதித்தது. பாதையோரம் மோர்க்காரர்களும் சுண்டல்காரர்களும் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் உதவிக்குக் கூப்பிட ஒரு ஆம்பிளை இல்லை, எல்லாரும் கடை போடப் போய்விட்டார்கள். மூர்த்திக்குப் போன் போட்டால் பின்னணியில் மேளம் கேட்கிறது.

“வலமாத்தான் சுத்துறீங்க?”

“வலமாத்தாம்பா. எங்க நைனா வேற எப்பிடி சுத்துவாரு?”

“அப்ப பம்ப்புதான் கோளாறு. திரும்பக் கழட்டிக் கடையில குடுக்கணும். செவ்வாக்கிழம வரேன்.”

பாலாஜி போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அடியிலிருந்து மண்ணாங்கட்டி சத்தம் கொடுத்தார்.

“இன்னாடா, இழுக்கட்டுமா?”

“இரு நைனா.”

“இருக்க முடியலடா. தோள்பட்டை மேல வரல.”

ஊர்ந்து வெளியே வந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகெல்லாம் மண்ணும் டீசலும். மணியம்மாள் கூழ் கரைத்துக்கொண்டு வந்தாள். மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தார்.

“இன்னொரு வாட்டி பாக்கலாம். கடைசியா ஒரு வாட்டி” என்றான் பாலாஜி.

“கை வரலன்றன்ல.”

“அப்ப நான் கீழ வரேன், நீ மேல ஏறிக் கோட்டப் பாரு.”

“எனக்குக் கண்ணு எங்கடா தெரியுது அந்த மயிரிழைக் கோடு?”

பிறகு மணியம்மாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு சாக்கை இழுத்துப் போட்டு, லாரிக்கு அடியில் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மோர்ச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, கொடுக்கிற சாக்கில் கிட்டே போய்க் குந்திக்கொண்டேன்.

“எத்தப் புடிக்கணும்?”

“த்தோ, அந்தக் கம்பி. அதுல இருக்கிற ராட்செட்ட உன் வலக்கைப் பக்கமா இழு” என்றார் கிழவர். “பாத்து. விட்டுச்சுன்னா மூஞ்சில அடிக்கும்.”

கிட். கிட். கிட். குட்டிச் சக்கரம் பத்துப் பதினோரு சுற்று சுற்றினால்தான் பெரிய சக்கரம் ஒரு சுற்று வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் மூச்சை உள்ளே பிடித்து ‘உம்’ என்றாள். முழங்கை சேசிஸ் இரும்பில் உரசி ரத்தம் கசிந்தது. அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. நடுவில் ஒருதரம் கை வழுக்கி ராட்செட் பின்னால் வந்து அவள் கன்னத்தெலும்பில் தட்டியது.

“அடி பட்டுதாம்மா?” பாலாஜி மேலிருந்து கேட்டான்.

“இல்ல. நீ கோட்டப் பாரு.”

வாசற்படியில் சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. மணி பத்தரை இருக்கும். இன்னும் ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றிருந்தால் அவள் கேட்டது கிடைத்துவிடும். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவள் இறங்கி வந்தாள். லாரிக்கு அருகில் மண்டிபோட்டு, தலையை உள்ளே விட்டாள்.

“அத்த, இத்தாண்ட இல்ல. அத்தாண்ட இழுக்கணும்.”

கிட் சத்தம் நின்றது.

“இன்னாது?” என்றார் மண்ணாங்கட்டி.

“எதிர்ப்பக்கமா சுத்தணும் மாமா. கையில வலமா சுத்துனா அந்தச் சின்னச் சக்கரம் வலமாப் போவுது. அது மேல உக்காந்திருக்கிற பெரிய சக்கரம் எதிர்ப்பக்கமாதான போவும்? கை இடமாப் போனாதான் இன்ஜின் வலமாப் போவும்.”

“மூணு நாளா வலமா சுத்திகினு இருக்கிறேன். இப்ப வந்து இடமா சுத்துங்கிறியே. மூர்த்தி இன்னா சொன்னான்?”

“மூர்த்தி அண்ணன் இன்ஜினச் சொன்னாரு. கைய சொல்லல.”

பாலாஜி கேபினிலிருந்து எட்டிப்பார்த்தான்.

“உனக்கு யாரு சொன்னா?”

“பம்ப்புல அம்பு போட்டிருக்கு. பாருங்க.”

அவன் உள்ளே குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, “நைனா, ராட்செட்ல இருந்த முள்ள நீ தட்டி வுட்டியா?” என்றான். குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு களைத்திருந்தான்.

“அது இடப்பக்கமா இருந்துச்சு” என்றார் கிழவர். அதைவிட வேறு காரணம் வேண்டுமா என்பது மாதிரி எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். “பௌர்ணமியும் அதுவுமா எவனாவது இடமா சுத்துவானா?”

“நீங்க திரும்பிக்கங்க மாமா” என்றாள் சிந்துஜா.

அவர் நிஜமாகவே திரும்பிக்கொண்டார். மலையைப் பார்த்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணியம்மாள் நகத்தால் முள்ளைத் தள்ளிவிட்டு இடப்பக்கம் இழுத்தாள். இரண்டு முழுச் சுற்றுக்குப் பிறகு, “நிறுத்து” என்றான் பாலாஜி. ஒரு பல்கூடத் தாண்டவில்லை. பம்பைக் கொஞ்சம் திருப்பிக் கோட்டைச் சேர்த்து, மூன்று நட்டையும் முடுக்கினான். டீசல் லைனில் காற்று எடுத்தான். சாவியைத் திருகினான்.

ஒரு தரம் இருமியது. அவ்வளவுதான். பிறகு புகையில்லாமல், நாலு வீட்டுப் பாத்திரங்கள் அதிர, நின்ற இடத்தில் ஓட ஆரம்பித்தது. பாதையில் பந்தக்கால் நட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாலாஜி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஓடுகிற வண்டியைப் பார்த்துச் சிரிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

கொஞ்சம் பொறுத்து அவன் இறங்கி வந்து சிந்துஜாவிடம் கேட்டான். சத்தத்தில் அவளுக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்திருப்பான்.

“அந்த அம்ப எப்ப பாத்த?”

“நேத்து.”

“நேத்து எப்ப?”

“டீ குடுக்கறப்ப.”

அவன் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று நான் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் திட்டவில்லை. “நைனா கை தூக்க முடியாம குந்திகினு இருக்கிறாரு” என்று மட்டும் சொன்னான்.

“தெரியும்” என்றாள் அவள். “அவரு படுத்திருந்தப்ப என்னால பாத்துகினு இருக்க முடிஞ்சுது. இவங்க படுத்தப்ப முடியல.”

பதினொன்றரைக்கு லாரி தெருமுனையைத் திரும்பியது. கிழவரும் கூடவே ஏறிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி மலை சுற்ற மாட்டார், நாற்பது வருஷத்தில் முதல் தடவை. மில்லில் வண்டியைத் தனியாக விட முடியாதாம். காலை வைத்து ஏறும்போது ஒரு கையால்தான் பிடித்து ஏறினார்.

மணியம்மாள் மின்கம்பத்தடியில் உட்கார்ந்து, முழங்கைக் காயத்தில் சிந்துஜாவை மஞ்சள் வைக்கவிட்டாள். நான் நீட்டின மோரை வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியை மருமகளிடம் கொடுத்தாள். அப்போதுதான் அதைச் சொன்னாள். நான் இங்கே குடிவந்த மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட பெரிய பேச்சு அது.

“ஏம்மா சொன்ன?”

சிந்துஜா மஞ்சளோடு நிமிர்ந்தாள்.

“இன்னும் ஒரு மணி நேரம் கம்முனு இருந்திருந்தா எல்லாருமே போயிருக்கலாமே. வியாழக்கிழமையிலேர்ந்து நான் அதத்தான நெனச்சுகினு இருந்தேன். என் தலையில சத்தியம் வெச்சானே, அப்பகூட, பலிக்கட்டும்னுதான் நெனச்சேன்.”

“அப்ப நீங்க எதுக்கு அத்த அடியில படுத்தீங்க?”

“நான் சுத்துனா கண்டிப்பா ஆவாதுன்னு நெனச்சேன்” என்றாள் மணியம்மாள்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மணியம்மாள் சாக்கை உதறிச் சுருட்டினாள். சிந்துஜா சொம்பைக் கழுவி என்னிடம் கொடுத்தாள். கொடுத்த விதத்தில், வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

மில் லோடு நிலைத்துவிட்டது. பாலாஜி சத்தியத்திலிருந்தும் தப்பித்துவிட்டான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே, சிந்துஜா வேங்கிக்காலில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்துப் பாலைக் காய்ச்சிவிட்டாள். அவளோடு ஓவியா போனாள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு மணியம்மாளும் போனாள். அந்தப் பள்ளிக்கூடம் அந்த வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி. பாலாஜி வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்ச் சாப்பிட்டு வருகிறான். மற்ற நாள் அப்பனும் மகனும் இங்கே சோற்றை வடித்துக்கொண்டு, உப்பு கம்மி, ஜாஸ்தி என்று சண்டை போடுகிறார்கள். எனக்கு இப்போதும் நன்றாகக் கேட்கிறது.

மூர்த்தி தையில் கல்யாணம் செய்துகொண்டு கீழ்பென்னாத்தூருக்கே குடிபோய்விட்டான். காது குத்துக்கு வந்திருந்த பெண்தானாம், பெயர் கவியா. மாசியில் ஒரு நாள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில் மணியம்மாளைப் பார்த்தேன். நகமெல்லாம் வெளுத்து, ஒரு சுற்று பருத்திருந்தாள். கையில் கீரைக்கட்டு.

“எப்ப வர அங்க?” என்று கேட்டேன்.

“வரேன்” என்றாள். “பேத்திக்குப் பரீட்சை வருது.”

பேத்தி படிப்பது ஒன்றாம் வகுப்பு.